நாணில் விரல் எங்கே உட்காருகிறது? கிளவ்வா டேப்பா என்ற கேள்விக்கு முன்னால் இது

வாசகர் கேள்வி, ஜனவரி 6

ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது), 60 அங்குலம், இழுக்கும் பாரம் 35 பவுண்டு. சுட்டுவிரலை அம்புக்கு மேலேயும் மற்ற இரண்டு விரல்களைக் கீழேயும் வைத்து இழுக்கிறேன். சுட்டுவிரல் நுனி எரிகிறது. அதே விரலின் அடிப்பக்கம், அம்பின் நாக் (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) தொடும் இடத்தில் சிவந்து கிடக்கிறது. தோல் கிளவ் போட்டும் வலி குறையவில்லை. இடது முன்கையில் நாண் அடித்து நீலம் கட்டியிருக்கிறது. இன்னும் தடித்த கிளவ் வாங்கவா, விரல்களுக்கும் நாணுக்கும் இடையே வைக்கும் தட்டைத் தோல் துண்டான டேப்புக்கு (tab) மாறவா?

ஜனவரி 6, இரவு

தடித்த கிளவ் வாங்காதீர்கள். இப்போதைக்கு எதுவுமே வாங்க வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சுட்டுவிரல் நுனி எரிகிறது என்றால் நாண் விரலின் சதையில் தொங்குகிறது, கணுவின் மடிப்பில் உட்காரவில்லை என்று அர்த்தம். விரலை விரித்துப் பாருங்கள். நுனியிலிருந்து உள்ளே வரும்போது முதலில் ஒரு மடிப்புக் கோடு வரும். நாணுக்கு அதுதான் இடம். நுனிச் சதையில் வைத்தால் விரலை மடக்கியே வைத்திருக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. இழுக்க இழுக்க விரல் விரியப் பார்க்கும், நாண் நழுவப் பார்க்கும். அந்த உரசல்தான் எரிச்சல்.

நிறைந்த வாளியை யாரும் விரல் நுனியால் தூக்குவதில்லை. கைப்பிடி தானாகவே கணுவில் போய் உட்காரும், புறங்கை தட்டையாக இருக்கும், மணிக்கட்டில் இறுக்கம் இருக்காது. அப்படியே கிடைமட்டமாகத் திருப்பினால் நாண் பிடிக்கும் கை அதுதான். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருப்பவை. புறங்கை வளைந்து முட்டிகள் துருத்திக்கொண்டு நின்றால் உள்ளங்கையும் சேர்ந்து இறுகிக்கொண்டிருக்கிறது.

முதலில் இதைச் செய்யுங்கள். வில்லை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கயிற்றை எடுத்து, உங்கள் இழுவை நீளத்துக்கு வளையமாக முடிச்சுப் போடுங்கள். இடது கை வில்லைப் பிடிப்பதுபோல் கயிற்றைத் தாங்கட்டும், வலது கை விரல்கள் கொக்கியாக மாட்டட்டும். முகத்தில் தொடும் இடம் வரை இழுத்து, நாண் எந்த விரலில் எங்கே அழுத்துகிறது என்று கண்ணால் பாருங்கள். வில்லில் இதைப் பார்க்க முடியாது, கவனமெல்லாம் குறியில்தான் இருக்கும்.

முன்கை நீலத்தைப் பற்றி நாளைக்கு. அது வேறு கதை.

ஜனவரி 7

நீலம் எந்த இடத்தில்? மணிக்கட்டை ஒட்டியா, முழங்கைக்குப் பக்கத்திலா? இதைத் தெரிந்துகொண்டால் மேலே பேசலாம்.

முழங்கைப் பக்கம் என்றால் பெரும்பாலும் முழங்கை திரும்பியிருக்கும் விதம்தான் காரணம். கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் ஊன்றுங்கள். உள்ளங்கை அசையாமல் முழங்கையை மட்டும் சுழற்றிப் பாருங்கள். முழங்கையின் உள்மடிப்பு மேலே பார்க்கும் நிலையிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும் நிலைக்குத் திரும்பும்போது, முன்கையின் உள்சதை நாணின் பாதையிலிருந்து விலகுவது கண்ணுக்கே தெரியும். சிலருக்கு முழங்கை பின்பக்கமாக அதிகம் வளையும். அவர்கள் கையை முழுக்கப் பூட்டாமல் துளி தளர்த்திப் பிடித்தால் போதும்.

மணிக்கட்டு என்றால் நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அந்தக் காலத்துக் கணக்கு, பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நாணைத் தொட வேண்டும் என்பது. ரிகர்வுக்குப் பொதுவாக ஏழரை முதல் எட்டரை அங்குலம் வரை சொல்வார்கள், உங்கள் வில்லுக்கு அதைச் செய்தவர் சொன்ன அளவே முதன்மை. குறைவாக இருந்தால் வில்லிலிருந்து நாணை இறக்கி, சில முறுக்குகள் கூட்டி மறுபடி ஏற்றுங்கள். நாண் நீளம் குறையும், இடைவெளி கூடும்.

இன்னொன்று, பிடியை முஷ்டியாகப் பற்றுகிறீர்களா? பற்றினால் மணிக்கட்டு உள்ளே நுழைந்துவிடும். வில்லின் அழுத்தம் கட்டைவிரல் மேட்டில் விழ வேண்டும், உள்ளங்கையின் மறுபாதி சும்மா இருக்க வேண்டும். முட்டிகள் ஏறக்குறைய 45 பாகையில் சாய்ந்து நிற்கும்.

முன்கைக் காப்பு கட்டாயம் கட்டுங்கள். ஆனால் அது தளர்ந்த சட்டைக் கையை அமுக்கி வைக்கவும், என்றைக்காவது படும் ஒரு அடியைத் தாங்கவும்தான். ஒவ்வொரு அம்புக்கும் நாண் காப்பில் தட்டுகிறது என்றால் அம்பின் திசையும் கெட்டுக்கொண்டிருக்கிறது. காப்பு கட்டியிருப்பதால் வலிக்கவில்லை, அவ்வளவே.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

வலது கையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இழுக்கும் கையின் முழங்கை அம்பின் கோட்டுக்குக் கீழே தொங்கினால் பாரம் சுட்டுவிரலில் ஏறும், அதிகம் உயர்ந்தால் மோதிரவிரலுக்குப் போகும். பக்கவாட்டில் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சுட்டுவிரல் வலி என்று வருகிற பலருக்கு விரலில் எந்தக் கோளாறும் இல்லை, முழங்கைதான் தாழ்ந்திருக்கிறது.

ஜனவரி 10

முதல் மடிப்பில் வை என்று எழுதியதை யாரோ அப்படியே செய்து பார்த்து, "மூன்று விரலிலும் ஒரே சமயத்தில் மடிப்பில் வைக்க முடியவில்லையே" என்று கேட்டிருக்கிறார். முடியாதுதான். நடுவிரல் நீளம், அதன் மடிப்பு மற்ற இரண்டையும்விட முன்னால் தள்ளி நிற்கிறது. நேர்கோட்டில் வரும் நாண் மூன்று மடிப்புகளையும் தொடாது. நான் செய்வது இது: சுட்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மடிப்பில் வைக்கிறேன். நடுவிரலில் நாண் மடிப்பைத் தாண்டி உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் போய் உட்கார்ந்துகொள்ளும், விரல் கூடுதலாக மடங்கும். பாரத்தின் பெரும்பகுதியை அந்த விரலே சுமக்கிறது. மோதிரவிரல் அடுத்து. சுட்டுவிரல் துணைக்கு.

நடுவிரலுக்கே பெரும்பாரம் என்றுதான் இன்றைய பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1545-இல் ஆங்கிலேயர் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி எழுதிய நூலில் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பாரம் சுட்டுவிரலிலும் மோதிரவிரலிலும்தான், நீளமான நடுவிரல் பின்வாங்கிக்கொள்கிறது, ஏறக்குறைய எதையும் சுமப்பதில்லை, ஆகவே கிளவ்வில் மற்ற இரு விரல்களுக்குத் தடித்த தோல் வை என்கிறார். அவர் காலத்து வில்லாளிகள் இழுத்த பாரத்துக்குப் பக்கத்தில்கூட நான் போனதில்லை. அதனால் அது தவறு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் என் விரலில் செய்து பார்த்தால், நடுவிரல் சோம்பினால் சுட்டுவிரல் நாக்கை மேலிருந்து அமுக்க ஆரம்பிக்கிறது, அம்பு, வில்லில் அது படுத்திருக்கும் தாங்கியிலிருந்து எழும்பி நிற்கிறது. உங்கள் சுட்டுவிரலின் அடிப்பக்கச் சிவப்பும் இதே வகைதான்.

ஜனவரி 11

கேட்டவரின் பதில் வந்திருக்கிறது: நீலம் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சுவர்ப் பயிற்சிக்குப் பிறகு நாண் படவே இல்லையாம். நல்லது.

விரல் நெருக்கம் மட்டும் இன்னும் போகவில்லை என்கிறார். போகாது. வில் 60 அங்குலம். குட்டையான வில்லை முழுக்க இழுத்தால் நாண் விரல்களுக்கு இருபுறமும் கூர்மையாக மடங்குகிறது, விரல்களை ஒன்றோடொன்று நெருக்கி நாக்கோடு சேர்த்து நசுக்குகிறது. 66, 68 அங்குல வில்லில் இந்தக் கோணம் விரிந்திருக்கும், அதே கைக்கு வலியே தெரியாது. உடம்பு உயரமாக, கை நீளமாக இருந்தால் இன்னும் மோசம்.

இருக்கும் வில்லிலேயே இரண்டு வழி உண்டு. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே சின்னத் தடுப்பு வைத்த டேப் ஒன்று, தடுப்பு இருப்பதால் விரல்கள் நாக்கை நசுக்காது. இன்னொன்று, மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைப்பது.

ஜனவரி 14

மூன்று விரல் கீழே என்று சொன்னதும் சிலருக்குக் கோபம் வந்திருக்கிறது. அது மரபு இல்லையாம்.

அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் மோர்ஸ் 1885-இல் உலகத்தில் நாணைப் பிடிக்கும் முறைகளைத் தொகுத்தபோது ஐந்து வகையாகப் பிரித்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் அம்பின் பின்முனையையே கிள்ளி இழுப்பது முதல், கட்டைவிரலை நாணில் சுற்றி இழுப்பது வரை. நாம் "சரியான முறை" என்று நினைக்கிற மேலே ஒன்று கீழே இரண்டு, அந்த ஐந்தில் ஒன்று. எனவே மரபு என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு பிடியை மட்டும் தாங்கிப் பிடிக்க முடியாது.

மாறினால் என்னவெல்லாம் மாறும் என்பதுதான் உருப்படியான கேள்வி. அம்பு கண்ணுக்கு நெருங்கி வரும். முன்பு குறி வைத்த இடத்திலேயே அம்பு முனையை வைத்தால் அம்பு கீழே போய் விழும், முதல் சில நாட்களுக்கு எரிச்சலாக இருக்கும். நாணில் நாக் உட்காரும் புள்ளியைத் துளி உயர்த்த வேண்டியிருக்கும். அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு கட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் அம்பு நாணில் கீழே வழுக்கும். மேலே விரல் இல்லாததால் அதைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது. வில்லின் மேல்கை, கீழ்கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்கள்) வலிமை வித்தியாசமும் உண்டு: மேலே ஒன்று கீழே இரண்டு பிடிக்காகச் செய்த வில்லில் கீழ்கை சற்று விறைப்பாக இருக்கும். மூன்று விரல் கீழே பிடிக்கு இரண்டு கைகளும் ஏறக்குறைய சமமாக இருப்பது நல்லது. 35 பவுண்டு வில்லில் பழகிப் பார்ப்பதற்கு இது பெரிய தடை இல்லை. சத்தம் கூடினால் அதுதான் காரணம் என்று தெரிந்திருந்தால் போதும்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாத வில்) பிரிவில் தூரத்துக்கேற்ப விரலை நாணில் இறக்கிப் பிடிக்க அனுமதி உண்டு, லாங்போ (நீள வில்) பிரிவில் கிடையாது.

ஜனவரி 15

இப்போது கிளவ்வா, டேப்பா.

கிளவ் போட்டால் மாட்டிக்கொண்டே நடக்கலாம், அம்பு எடுக்கலாம், கை எப்போதும் தயார். காட்டுப் பாதையில் நடந்து நடந்து எய்கிறவர்களுக்கு அதுதான் தோது. குறை என்னவென்றால் மூன்று விரலும் தனித்தனி உறை, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நாணை விடுகிறது. நாள்பட நாண் படும் இடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் சரியான இடத்தில் விழுந்தால் வரம். தப்பான இடத்தில் விழுந்தால் ஒவ்வொரு முறையும் நாண் அங்கேயே போய் மாட்டும், நீங்கள் மடிப்பில் வைக்க நினைத்தாலும் விடாது. பழைய கிளவ்வை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதற்குச் சொந்தக்காரர் எப்படி எய்தார் என்று முழுசாகத் தெரியும். எந்த விரலில் பள்ளம் ஆழம், நுனியிலிருந்து எவ்வளவு தூரம், கோடு நேராகப் போகிறதா சாய்கிறதா, தையல் ஓரம் தேய்ந்திருக்கிறதா. புதிதாக வருகிறவரின் கிளவ்வை முதலில் வாங்கிப் பார்ப்பது என் வழக்கம், அவர் எய்வதைப் பார்ப்பதற்கும் முன்னால்.

விரல் நுனியில் உறை தொளதொளவென்று இருந்தால் அந்த கிளவ் உங்களுக்கு இல்லை. விடும்போது மடிந்து நாணைப் பிடிக்கும்.

டேப்பில் மூன்று விரலுக்கும் ஒரே தோல். நாண் ஒரே பரப்பில் வழுக்குகிறது, விடுவது சீராக இருக்கிறது. முகப்புத் தோல் வழவழப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். குதிரையின் பின்தோலிலிருந்து எடுக்கும் கார்டவான் தோல் நன்றாக உழைக்கிறது. அதற்கு அடியில் மெத்தென்று ஒரு அடுக்கு. இரண்டுக்கும் மேல் அடுக்குப் போட்டால் நாண் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாமல் போகும். தடித்த கிளவ் வேண்டாம் என்று முதல் நாள் எழுதியதன் காரணமும் இதுதான். வலி குறையும், கூடவே வலி சொல்லிக்கொண்டிருந்த சேதியும் நின்றுபோகும். விரல் இன்னும் நுனியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், அதைத் தெரிவிக்க எதுவும் இருக்காது.

நாணிலேயே மாட்டும் ரப்பர் உருளைகள் உண்டு. சிறுவர்களுக்கு, ஒரு நாள் பழகிப்பார்க்க வருகிறவர்களுக்கு அருமை. நாணில் எடை கூடுவதால் அம்பின் வேகம் கொஞ்சம் குறையும்.

வெறும் விரலா? 20 பவுண்டு வில்லில் கொஞ்ச நேரம், விரல் எங்கே இருக்கிறது என்று உணர்ந்து பார்க்க மட்டும். பழக்கமாக வேண்டாம்.

ஜனவரி 18

"நம் முன்னோர் வெறுங்கையால் எய்தார்கள், காப்பெல்லாம் இந்தக் காலத்துச் சொகுசு" என்று ஒரு பதிவு. அழுத்தமாக மறுக்கிறேன்.

வால்மீகியின் பால காண்டத்தில் விசுவாமித்திரர் பின்னால் புறப்படுகிற ராமனும் லட்சுமணனும் கைக்காப்பும் விரற்காப்பும் கட்டியிருக்கிறார்கள். கையில் நாண் படும் இடத்துக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே இரண்டு. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் 2002-இல் தோண்டியெடுத்த, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வில்லாளியின் கல்லறையில் கல்லால் ஆன மணிக்கட்டுக் காப்பு இரண்டு கிடைத்தன. அவை நாண் அடியைத் தாங்கவா, அணிகலனா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட அந்தக் கப்பலில் நூறு பவுண்டுக்கு மேல் இழுக்கிற விற்களோடு, பெரும்பாலும் தோலால் ஆன மணிக்கட்டுக் காப்புகளும் கிடைத்தன. தந்தத்தில் ஒன்று, கொம்பில் ஒன்று.

அவ்வளவு பெரிய வில்லை இழுத்தவர்களே காப்புக் கட்டியிருக்கிறார்கள். நாம் எதற்குத் தோலை உரித்துக்கொள்ள வேண்டும்?

சுவையான ஒரு சேதி. அதே ஆஸ்கம், நாண் கையைத் தொடவே தொடாதபடி வில்லுக்கு வளைவு கொடுத்து வைத்தால் காப்பே தேவைப்படாது, அதுதான் என் விருப்பம் என்கிறார். நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியைத்தான் சொல்கிறார். ஜனவரி 7 குறிப்பை மறுபடி பாருங்கள், அதே பேச்சு.

ஜனவரி 21

ஏகலைவன் வராமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும், வந்துவிட்டான். கேள்வி: மூன்று விரல் பிடியில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லையே, அப்படியென்றால் அதை இழந்ததால் என்ன நஷ்டம்?

ஆதி பர்வத்தில் சொல்வது இதுதான்: கட்டைவிரலைக் கொடுத்தபின் மீதி விரல்களால் அவன் எய்தான், முன்பிருந்த வேகம் இல்லை. எய்ய முடியாமல் போகவில்லை, வேகம் போயிற்று. கட்டைவிரலால் இழுக்கும் முறையைக் கொஞ்சம் பழகியவர்களுக்கு அந்த வரி சட்டென்று பிடிபடும்.

அந்த முறையில் கட்டைவிரல் அம்புக்குக் கீழே நாணைச் சுற்றி மடங்குகிறது, சுட்டுவிரல் அதன் நகத்தின் மேல் படிந்து பூட்டுகிறது. அம்பு வில்லின் மறுபக்கத்தில், வலது கைக்காரருக்கு வலப்புறத்தில் தங்கும். சுட்டுவிரலின் பக்கம் அம்பை மெல்ல வில்லோடு சாய்த்து வைத்திருப்பதால் குதிரை மேலிருந்தாலும் அம்பு நழுவாது. அம்பை வலப்புறம் அப்படியே வைக்கலாம், வில்லைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் கொண்டுபோகும் வேலை இல்லை. நாணை விடுவது ஒரே விரல். குட்டை வில்லின் கூர்மையான நாண் கோணமும் இதற்கு ஒரு பொருட்டில்லை, நசுங்க இரண்டு மூன்று விரல்கள் அங்கே இல்லை. இந்த இழையைத் தொடங்கியவரின் வலிக்கு இதுவும் ஒரு மருந்துதான். ஆனால் ரிகர்வின் தாங்கி இடப்பக்கம் வெட்டியிருக்கும், அந்த வில்லில் இதைப் பழக முடியாது.

காப்பு இங்கே மோதிரம். சீனாவில் ஆன்யாங்கில் 1976-இல் திறந்த ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் பச்சைக்கல்லில் செய்த கட்டைவிரல் மோதிரம் கிடைத்தது, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் பழையது. துருக்கியிலும் கொரியாவிலும் அவரவர் வடிவம். ஜப்பானில் மோதிரம் இல்லை, கட்டைவிரல் பகுதியைக் கெட்டியாக்கித் தைத்த தோல் கிளவ். அங்கே நாண் விட்டதும் வில் கையிலேயே சுழன்று நாண் கைக்கு வெளிப்பக்கம் போய் நிற்கும்படி பழகுகிறார்கள்.

நான் இதில் கற்றுக்குட்டி. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். மோதிரத்தின் உள்வாய் வட்டமாக இருக்கக் கூடாது, நீள்வட்டமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பி மாட்டி, கணுவைத் தாண்டியதும் கால் வட்டம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். வட்ட மோதிரம் கணுவைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் இழுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். முதலில் தோலில் சின்னதாக ஒரு கட்டைவிரல் உறை செய்து பழகுங்கள், மோதிரம் பிறகு.

மூன்று விரல் பிடியில் கட்டைவிரல் சும்மா இருக்க வேண்டும் என்பது சரி. சும்மா இருப்பதுதான் அங்கே கஷ்டம். அது விறைத்து நின்றால் புறங்கை முழுக்க விறைக்கும். உள்ளங்கைக்குள் தளர மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலுக்கும் அதேதான்.

ஜனவரி 29

வில் பிடிக்கும் கையை எல்லோரும் மறந்துவிட்டோம். முன்கைக் காப்போடு முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இது.

தாங்கி வெட்டாத வில்லில் அம்பு உங்கள் கை மேலேயே படுத்திருக்கிறது, சுட்டுவிரல் முட்டியின் மேல். விடும்போது அம்பின் தண்டும் இறகும் அந்தத் தோலை உரசிக்கொண்டு பறக்கின்றன. இறகின் முன்முனை, அதாவது அம்பின் தலைப்பக்கம் பார்க்கும் முனை, தண்டோடு ஒட்டாமல் மயிரிழை எழும்பி நின்றால் போதும், ஊசியாகத் தோலுக்குள் நுழையும். எனக்கு நுழைந்தது. முட்டிக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சிவப்பு, மேலே தடவினால் உள்ளே ஏதோ நெருடுகிறது. மருத்துவர் எடுத்துக் காட்டியது அரிசி நீளத்துக்கு ஒரு இறகுத் தண்டுச் சிராய். அந்த அம்புகளை நான் கட்டவில்லை, வாங்கியவை. ஒட்டின இடத்தில் பசை பிடிக்காமல் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து யாருடைய அம்பாக இருந்தாலும் எய்வதற்கு முன் விரல் நகத்தை இறகின் முன்முனையில் தலைப்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஓட்டிப் பார்க்கிறேன். நகம் தட்டினால் அந்த அம்பு தனியாகப் போகும். சரிசெய்வது எளிது: முனையைச் சரிவாகத் தேய்த்து, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றி, நூலின் மேல் ஒரு சொட்டுப் பசை. பழங்காலத்து அம்புகளில் இறகின் முழு நீளத்துக்கும் நூல் சுற்றியிருப்பது அழகுக்கு மட்டுமல்ல.

கைக்கு மெல்லிய தோல் கிளவ் போதும். விரல் நுனிகள் வெளியே தெரியும்படி வெட்டிக்கொண்டால் பிடி மாறாது. தடித்தது வேண்டாம், அம்பின் உயரமே மாறிவிடும்.

பிப்ரவரி 3

விரல் மரத்துப்போவது பற்றி. இரண்டு பேர் "அது பழகிவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

தோல் தடிப்பது வேறு, மரத்துப்போவது வேறு. ஒவ்வொரு விரலின் இரு பக்கமும் நரம்பு ஓடுகிறது. நாண் அதை எலும்போடு அழுத்தி அழுத்திக் காயப்படுத்தும். எய்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் உணர்வு திரும்பினால் அன்றைக்குப் போதும் என்று நிறுத்துங்கள். மறுநாள் காலையிலும் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருந்தால், துணியின் சொரசொரப்பு அந்த விரலுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், முழுக்கச் சரியாகும்வரை வில்லைத் தொடக் கூடாது. சில நாட்களில் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தடித்த தோல் போட்டுக்கொண்டு தொடர்வது இருப்பதிலேயே மோசமான யோசனை.

பெரும்பாலும் காரணம் வில்லின் பாரம்தான். தொடங்குகிறவர்களுக்கு 20, 25 பவுண்டு என்று பயிற்சியாளர்கள் சொன்னால் அது உங்களைச் சிறுமைப்படுத்த அல்ல. விரலும் தோளும் சேர்ந்து பழக வேண்டும். 35 பவுண்டில் தொடங்கியவருக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஆனால் கையில் வில் வந்துவிட்டது, கழற்றி மாட்டுகிற ரிகர்வாக இருந்தால் வில்லின் கைகளை மட்டும் குறைந்த பாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே துண்டு வில் என்றால் யாரிடமாவது மெல்லிய வில்லை இரவல் கேளுங்கள்.

கொப்புளம் வந்தால் தோலைக் கிழிக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஆழமாக மடக்கும்போது நீண்ட நகம் உள்ளங்கையிலோ டேப்பிலோ குத்தும். மோதிரங்களைக் கழற்றி வையுங்கள்.

பிப்ரவரி 9

கேட்டவர் பக்கவாட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். முழங்கை இப்போது அம்பின் கோட்டுக்கு வந்துவிட்டது. சுட்டுவிரல் எரிச்சல் இல்லை. மூன்று விரல் கீழே மாறியிருக்கிறார், நாணில் இரண்டாவது கட்டும் போட்டிருக்கிறார். ஆனால் விடும்போது கை வெளிப்பக்கம் வீசிப் போகிறது, அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறுகின்றன.

விரல்களைத் திறக்கிறீர்கள், அதுதான். விரலைத் திறந்து நாணை முந்த எந்தக் கையாலும் முடியாது. முந்தப் பார்த்தால் நாண் விரலை உதறிக்கொண்டு பக்கவாட்டில் நெளிந்து போகும். விரலால் விடும்போது நாண் எப்படியும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும், அம்பு வளைந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டும். அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930-களிலேயே அதிவேகப் படம் எடுத்து இதைக் காட்டினார். அந்த நெளிவைக் கூட்டாமல் இருப்பதே நம் வேலை. முதுகு இழுத்துக்கொண்டே இருக்கட்டும், விரல்களைப் பிடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். நாண் தானே வழி கண்டுகொண்டு போகும். கை கன்னத்தை உரசியபடி பின்னால் போனால் சரி, கன்னத்தை விட்டு விலகினால் திறந்திருக்கிறீர்கள்.

அந்தக் கயிற்று வளையத்தை எடுங்கள் மறுபடியும். கண்ணாடி முன் நின்று இழுத்து விடுங்கள்.

ஆழமான கொக்கி என்று வலியுறுத்தியதில் எனக்கே இப்போது ஒரு மறுயோசனை. இரண்டாவது கணு வரை நாணை உள்ளே தள்ளிக்கொள்கிறவர்களும் உண்டு. மிக ஆழம் போனால் நாண் வெளியே வர உருள வேண்டிய தூரம் கூடுகிறது, பாரம் குறைந்த வில்லில் அது அப்பட்டமாகத் தெரியும். பாரம் கூடக்கூட ஆழம் பாதுகாப்பு, பாரம் குறைந்தால் மடிப்பின் மேலேயே நிறுத்தினால் போதும். மடிப்புக்கு முன்னால், சதைக்கு மட்டும் வராதீர்கள்.

பிப்ரவரி 10

புது டேப்பை எவ்வளவு வெட்டுவது என்ற கேள்விக்கு. மாட்டிக்கொண்டு விரலைக் கொக்கியாக மடக்கி நாணைப் பிடியுங்கள், விரல் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பேனாவால் குறியுங்கள். நுனிக்கு வெளியே ஒரு சில மில்லிமீட்டர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். அதிகம் நீண்டால் விடும்போது மடிந்து நாணில் மாட்டும், குட்டையானால் விரல் நுனி வெளியே வந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. நாண் படும் கோட்டில் டால்கம் பவுடரை விரலால் தேய்த்து ஏற்றுங்கள். வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் நிழலில் காயவைத்து மறுபடி பவுடர். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வளைந்துவிடும்.